விளக்கு வைத்த இடம்

சாகப் போகிறவர்களிடம் என்ன ஆசை என்று கேட்டால் பழனிக்குப் போக வேண்டும் என்பார்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். எங்கள் அப்பா ஒரு ஹோட்டல் ரூம் கேட்டார். கேட்டது என்னிடம் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீடியோ காலில் வந்து, "ஒங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்கப்பா" என்று மூக்கை உறிஞ்சியபோது, அவனிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற அம்மாவின் முகம் போன போக்கை அவன் திரையில் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

கல்லீரலில் புற்று. திருச்சி மருத்துவமனையில், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, பிடிச்சதைக் குடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்குப் பிடித்த எதுவும் அவர் வயிற்றில் நிற்கவில்லை. கீரனூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கட்டிலைப் போட்டு, நான் அலுவலகத்துக்கு நீண்ட விடுப்பு சொல்லிவிட்டு, அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து அவருடைய மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில்தான் இந்த ஆசை.

அப்பா பஸ் டிரைவர். வாழ்நாளில் பாதியைப் புதுக்கோட்டைக்கும் மணமேல்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றுக்கும் நடுவில் ஓட்டியே கழித்தவர். கடைசி நிறுத்தம் ஒரு பழைய பங்களாவின் பின்பக்க மதிலோரம். இலங்கைக்கும் பர்மாவுக்கும் கப்பல் விட்ட வியாபாரி ஒருவர் கட்டிய பங்களா அது. பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டு, அந்த மதில் நிழலில் உட்கார்ந்துதான் டிபன் பாக்ஸைத் திறப்பார். மதில் ஆள் உயரத்துக்கு மேல். உள்ளேயிருந்து ஒரு புன்னை மரக் கிளை மட்டும் தெரியும். "உள்ள என்னதான் இருக்குன்னு ஒரு நாளும் பாத்ததில்ல" என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அப்பா ஓய்வு பெற்ற பிறகு அதை யாரோ வாங்கி, சுண்ணாம்பு பூசி, தூணுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்து, வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற பாரம்பரிய ஹோட்டலாக்கிவிட்டார்கள். செய்தித்தாளில் படம் வந்த அன்று அப்பா அதைக் கத்தரித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

அம்மா ஒரே வார்த்தையில் முடியாது என்றாள். காரணத்தை அப்பாவுக்கு முன்னால் அவள் சொல்லவில்லை, ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் வெளியூரில் உயிர் போன உடம்பை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். வாசலோடு சரி. தெருவில் பந்தல் போட்டு, பெஞ்சில் கிடத்தி, அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். சித்தப்பா திருச்சி ஆஸ்பத்திரியில் இறந்தபோது அப்படித்தான் நடந்தது. துபாயில் வெயில் தின்று அவர் கட்டிய வீடு, கிரகப்பிரவேச மாவிலைகூடக் காய்ந்து உதிரவில்லை. அந்த வீட்டின் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் அவரைக் கிடத்தியிருந்தார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் ஒழுகியது. சித்தி நிலையில் தலையை முட்டிக்கொண்டு, "அவரு கட்டுன வீட்டுக்குள்ள அவர விடமாட்டியளா" என்று கத்தினாள். அன்று சித்தப்பா முகத்தில் தண்ணீர் சொட்டாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றது அம்மாதான்.

அதிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான். தன் புருஷனுக்கு அந்த கதி வரக் கூடாது.

தம்பி இதையெல்லாம் யோசிக்கிற ஆளா? ஆன்லைனில் ரூம் போட்டுவிட்டு அப்புறம்தான் சொன்னான். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பாசத்தைக் காட்ட ஒரு பட்டன் போதும், பக்கத்தில் இருக்கிறவள்தான் பெட்பேன் எடுக்க வேண்டும் என்று அவனிடம் வெடுக்கென்று சொன்னேன். ஆனாலும் எனக்குள்ளே அப்பா கட்சிதான். நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டு சாகாமல் கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் இருந்துவிட்டு வரட்டுமே என்று பட்டது. அம்மாவிடம் மல்லுக்கு நின்றேன். கடைசியில் அவள் இறங்கி வந்தாள். "ஒரு ராத்திரி. விடிஞ்சதும் வண்டிய எடுத்துறணும்" என்றாள். துணிப் பையில் வேட்டி, மாத்திரை, மப்ளர், ஒரு பாட்டிலில் துளசித் தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்தாள். துளசித் தண்ணீர் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தம்பி வாங்கிப் போட்டு ஷெட்டில் தூங்கிய காரை நான்தான் ஓட்டினேன். அப்பா முன் சீட்டைச் சாய்த்துப் படுத்தபடி வந்தார். படுத்திருந்தாலும் டிரைவர் டிரைவர்தானே. "ஏன் ஆத்தா, கிளச்சுல கால வச்சு எளப்பாறுறியா?" "பிரேக்க நறுக்குன்னு மிதிக்காத, பின்னாடி நிக்கிற சனம் வந்து முன்னாடி விழுகும்." காருக்குள் நிற்கிற சனம் யாருமில்லை என்று சொன்னேன். அறந்தாங்கி தாண்டியதும் ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எந்த நிறுத்தத்தில் கூடைக்காரிகள் ஏறுவார்கள், எங்கே கண்டக்டருக்கு இளநீர் கிடைக்கும் என்று பேசப்பேச அவர் குரல் கொஞ்சம் தேறியது. பின்சீட்டில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹோட்டல் முகப்பில் இறங்கியதும் முதல் கோளாறு. வரவேற்க வந்த பெண் தட்டில் வைத்திருந்த சந்தன மாலையை அப்பாவின் கழுத்தில் போட்டுவிட்டாள். சீவல் சீவலாகக் கோத்த அந்த மாலையை நம் வீடுகளில் எதற்கு மாட்டுவோம் என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லித்தருவது? அம்மா ஒரே எட்டில் போய் அதைக் கழற்றி, தட்டிலேயே போட்டாள். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. அப்பா மட்டும் சிரித்தார். "போட்டோவுக்கு முந்தியே போட்டுப் பாத்தாச்சு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அறை நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்லக் கூடாது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் தேக்கு உத்தரம். கட்டிலில் ஏற ஒரு சின்னப் படிக்கட்டு. காலுக்குக் குளிர்ச்சியாக ஆத்தங்குடித் தரை. கண்ணாடிக் கதவைத் திறந்தால் ஒரு தாழ்வாரம், இரண்டு பிரம்பு நாற்காலிகள், அதற்கு அப்பால் கடல். எங்கள் பக்கத்துக் கடலில் அலை கிடையாது. குளம் மாதிரி கிடக்கும், சேறும் பாசியும் கலந்த வாடை அடிக்கும். வெள்ளைக்கார ஜோடி ஒன்று அதைத்தான் ஓயாமல் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்பா கடலைப் பிறகு பார்க்கலாம் என்றார். அவருக்கு மதில்தான் முதலில். மேனேஜர், என் தம்பி வயதுதான் இருக்கும், தன் கையாலேயே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். மதிலின் உள்பக்கம். புன்னை மரம், காய்ந்த இலை, உடைந்த நாற்காலிகள், துணி உலர்த்துகிற கொடி, சின்னதாக ஒரு இரும்புக் கதவு. அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார். அப்புறம் மதிலில் உள்ளங்கையை வைத்து, "இதுக்கு அங்கிட்டுத்தான் என் வண்டி நிக்கும்" என்று மேனேஜரிடம் சொன்னார். அப்படி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில். நோய் வந்த பிறகு நான் அதைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலம் முழுக்கத் தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா எதிர் நாற்காலியில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை தூரம் வந்து அவள் கடலைப் பார்க்கவே இல்லை.

காலையில் அப்பா எதிர்பாராத விதமாகத் தெளிவாக இருந்தார். காபி கேட்டார். தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். நாட்டுப் படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. "இன்னைக்கு ஒரு நாளு இருந்துட்டுப் போவமே" என்றார். சின்னப் பிள்ளை கேட்பதுபோல என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "ஒண்ணும் வேணாம். கெளம்பணும்" என்றாள்.

"அவருக்குப் பிடிச்சிருக்கும்மா. ஒரு நாள்தான?" என்றேன்.

"ஒரு நாள்ல என்ன வேணாலும் ஆகும். அப்புறம் தெருவுல போடச் சொல்றியா இவர?"

அவருக்கு எதிரிலேயே சொல்லிவிட்டாள். அத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. அப்பா கோபப்படவில்லை. "என்னைய எங்கிட்டுப் போட்டா எனக்கென்ன தெரியப் போகுது" என்று சொல்லி, அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி சரி, கெளம்புவோம். இந்தக் காபிய மட்டும் குடிச்சிட்டு வாரேன்."

பைகளை எடுத்துக்கொண்டு போய்க் காரில் வைத்தேன். முன்கதவுப் பக்கம் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு அறைக்குத் திரும்பினால், தாழ்வாரத்தில் அம்மா அப்பாவுக்கு மப்ளர் கட்டிக்கொண்டிருந்தாள். உச்சந்தலையிலிருந்து தாடைக்குக் கீழே கொண்டுவந்து, இறுக்கி, காதோரம் முடிச்சு. காபி டம்ளர் தரையில் உருண்டு கிடந்தது. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது, இந்த நேரத்தில் எதற்கு மப்ளர் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தக் கட்டு குளிருக்குக் கட்டுவது இல்லை என்று அடுத்த கணம் புரிந்தது.

"அப்பா" என்றேன்.

"சத்தம் போடாத" என்றாள் அம்மா. அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "அப்பாவுக்கு ரொம்ப முடியல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். ஒரு கை பிடி."

கையைத் தொட்டேன். கதகதப்பாகத்தான் இருந்தது. மூக்கில் விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. அழ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அம்மா மேல் ஆத்திரம்தான் முதலில் வந்தது. ஒரு நாள் இருக்கிறேன் என்றவரைக் கிளம்பு கிளம்பு என்று பிடுங்கியெடுத்தாளே என்று இருந்தது. அதற்குள் அறையைப் பெருக்க வந்தவர் பார்த்துவிட்டு ஓடி, மேனேஜர் வந்துவிட்டார்.

அவர் கண்டுபிடித்துவிட்டார். அவர் முகத்தில் அது அப்படியே எழுதியிருந்தது. பக்கத்து அறைத் தாழ்வாரத்தில் வெள்ளைக்கார ஜோடி பழம் வெட்டிக்கொண்டிருப்பதை ஒரு தடவை பார்த்தார். "சார் ரொம்ப சீரியஸா இருக்காரு மேடம். நீங்க உடனே கூட்டிட்டுப் போறதுதான் நல்லதுன்னு நெனைக்கிறேன்" என்றார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாங்க தம்பி. சீரியஸாத்தான் இருக்காரு."

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. அந்த ஹோட்டலில் ஒருவர் சாகக் கூடாது என்பது அவர் தேவை. அந்த ஹோட்டலில் அப்பா சாகக் கூடாது என்பது அம்மாவின் தேவை. நடுவில் நின்ற எனக்கு அப்பா செத்துப்போனது மட்டும்தான் தெரிந்தது. சக்கர நாற்காலி வந்தது. முன்பக்கம் வேண்டாம், கார் அங்கே வரட்டும் என்று மேனேஜர் பின்பக்கத்தைக் காட்டினார். காரை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தேன். சமையல்கட்டைத் தாண்டி, கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகளை விலக்கி, அந்தச் சின்ன இரும்புக் கதவு வழியாக அப்பாவை வெளியே கொண்டுவந்தோம். வெளியே அவருடைய பஸ் நிற்கிற இடம். இப்போது அங்கே பஸ் வருவதில்லை.

பின்சீட்டில் அம்மாவின் மடியில் தலை, மடித்த கால்கள் கதவோரம். நான் ஓட்டினேன். என்ன ஓட்டினேன் என்று தெரியாது. பிரேக்கை மட்டும் பதமாக மிதித்தேன், நறுக்கென்று மிதித்தால் அவர் முன்னால் உருண்டு விழுந்துவிடுவார். பின்னாலிருந்து அம்மா விடாமல் அவரிடம் பேசிக்கொண்டே வந்தாள். "இந்தா கட்டுமாவடி ரோடு வந்துருச்சு பாருங்க." "அறந்தாங்கி வந்தாச்சு, இனிமே என்ன, பொசுக்குன்னு போயிரலாம்." ஒரு தடவை, "போதும்மா!" என்று கத்தினேன். "நீ ரோட்டப் பாரு" என்றாள். அறந்தாங்கி ரயில்வே கேட்டில் நின்றபோது கொய்யாப்பழம் விற்கிற பெண் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்து, "அய்யாவுக்கு ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள். "தூங்குறாரு" என்று அம்மா சொன்னாள். கேட் திறக்கிற வரைக்கும் அந்தப் பெண் நகரவில்லை. நாங்கள் மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

புதுக்கோட்டை வந்ததும் மாமாவுக்குப் போன் போட்டு, சீரியஸ் என்றேன். அந்த வார்த்தை எனக்கும் வாயில் வந்துவிட்டது. மாமா அம்மாவின் அண்ணன். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்கிறவர், குளிப்பாட்டுவதிலிருந்து கொள்ளி வரைக்கும் முன்னால் நின்று செய்கிறவர். வாய்த் துடுக்கும் அதிகம். கார் வாசலில் நின்றபோது தெருவே கூடியிருந்தது. மாமாதான் கதவைத் திறந்து, அப்பாவின் காலைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது.

கணுக்காலை ஒரு தடவை அழுத்தினார். மப்ளரைப் பார்த்தார். அப்புறம் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார்.

"மூச்சு இருக்குல்லண்ணே?" என்றாள் அம்மா. அவள் குரல் முதல் தடவையாக நடுங்கியது.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை தூரம் வந்தது வாசலோடு நின்றுவிடும். பந்தல்காரனுக்குப் போன் போகும்.

"இருக்கு, இருக்கு" என்றார் மாமா. திரும்பி, "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறிய? தூக்குங்கடா உள்ள" என்று போட்டார் ஒரு அதட்டல்.

நிலைப்படியைத் தாண்டி, கூடத்தில் அவருடைய கட்டிலில் கிடத்தினார்கள். மப்ளர் முடிச்சை மாமா தானே அவிழ்த்தார், வேறு யாரையும் நெருங்க விடவில்லை. பால் கொண்டு வரச் சொன்னார். ஒவ்வொருவராக வந்து ஒரு கரண்டி ஊற்றினோம். என் முறை வந்தபோது பால் கடைவாய் வழியாக வழிந்து தலையணையில் இறங்கியது. நான் முந்தானையால் துடைத்தேன். கடைசிக் கரண்டிக்குப் பிறகு மாமா நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பதுபோலப் பார்த்து, "போயிட்டாரு" என்றார். அப்போதுதான் அம்மா அழுதாள். காலையிலிருந்து தேக்கி வைத்ததெல்லாம் சேர்த்து அழுதாள். ஊர் முழுக்க அதைத்தான் பேசியது. வீட்டுக்கு வந்து சேருகிற வரைக்கும் உயிரைக் கையில் பிடித்திருந்தாராம், புண்ணியவான். தம்பி லீவு போட்டு வந்து சேர்ந்து கொள்ளி வைத்தான். "நல்லவேளைக்கா, ஆசைப்பட்டதையும் பாத்துட்டு, வீட்டுலயே போனாரு" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நான் தலையை ஆட்டினேன்.

உயிர் போன இடத்தில் கருமாதி வரைக்கும் விளக்கு எரிய வேண்டும், ஒரு சொம்புத் தண்ணீர் இருக்க வேண்டும். அதுவரை உயிர் அந்த இடத்தை விட்டுப் போகாது, அங்கேயேதான் சுற்றும் என்பது எங்கள் வீடுகளில் நம்பிக்கை. கட்டிலை எடுத்துவிட்டு, கூடத்தில் தலைமாடு இருந்த இடத்தில் மாமாவே விளக்கை ஏற்றி வைத்தார். ஏற்றும்போது அம்மாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

முதல் நாட்களில் அம்மா நிம்மதியாக இருந்தாள். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், "கட்டில்ல படுக்க வச்சு, பால் ஊத்துன பொறவுதான்" என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அவளே நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் போகப் போக விளக்குப் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தாள். சொம்புத் தண்ணீரை எடுத்து எடுத்துப் பார்த்தாள், குறைந்திருக்கிறதா என்று.

கருமாதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் போனுக்கு ஹோட்டலிலிருந்து ஒரு செய்தி வந்தது. தங்கியது எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று. கூடவே அந்தத் தாழ்வாரத்தின் படம். அதே பிரம்பு நாற்காலி, பின்னால் கடல். அழிக்கப் போன கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"அந்த ரூம்புல இப்ப யாரு இருப்பாக?"

"யாராவது இருப்பாங்க. எதுக்கும்மா?"

கூடத்தில் தம்பி இல்லை, வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, விளக்கைக் காட்டினாள்.

"வெறும் எடத்துக்கு வெளக்கு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்டி. ஒடம்பத்தான் உள்ள கொண்டாந்தேன். அவுக அங்கன அந்த நாக்காலியிலதான் இருட்டுக்குள்ள ஒக்காந்திருப்பாக. இன்னொரு நாளு இருந்துட்டுப் போவமேன்னு கேட்டாகள்ல."

எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் அந்த நிமிஷம் அந்த நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருப்பது எனக்கும் தெரிந்தது. காபி தீர்ந்து, கூப்பிட ஆளில்லாமல். "கேட்டுப் பாக்குறேம்மா" என்று பின்கட்டுக்குப் போய் மேனேஜருக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அந்தத் தாழ்வாரத்தில், நாற்காலிக்குப் பக்கத்தில், இரண்டு சாயங்காலம் ஒரு விளக்கு. எண்ணெய் விளக்குகூட வேண்டாம், லைட்டைப் போட்டு வைத்தாலும் போதும்.

அவருக்குப் பக்கத்தில் யாரோ இருப்பது தெரிந்தது. பிறகு மிகவும் மரியாதையாக, "மேடம், சார் வீட்டுக்கு வந்துதான இறந்தாரு? இங்கருந்து போறப்ப சீரியஸாத்தான இருந்தாரு?" என்றார்.

அவரை நான் என்ன சொல்வது? அம்மாவின் வார்த்தையைத்தான் திருப்பிக் கொடுத்தார்.

"ஆமாங்க. வீட்டுலதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கூடத்துக்கு வந்தேன். அம்மா அண்ணாந்து பார்த்தாள். "என்ன சொன்னாக?"

"லைட்டப் போட்டு வைக்கிறேன்னாரும்மா. ராத்திரி பூராவும் எரியுமாம்."

அப்பாவின் கணுக்காலை அழுத்திவிட்டு மாமா அவளைப் பார்த்தாரே, அதே பார்வை பார்த்தாள் என்னை. பிறகு, "சரி, சரி" என்று சொல்லிவிட்டு, விளக்கில் எண்ணெய் ஊற்றப் போனாள்.